சென்ற வருஷத்து மழையும் வரும் வருஷத்து அபாயமும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கும் சமயத்தில், காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் எந்த ஏரிக்கரையில் நின்றாலும் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "இந்த ஏரி எங்கள் பாட்டன் காலத்திலிருந்து உடைந்ததில்லை" என்பது ஒன்று. "2015இல் வந்ததைப் போலவா இனி வரப்போகிறது?" என்பது மற்றொன்று. இரண்டும் அனுபவம் வாய்ந்த பெரியோர்களின் வாயிலிருந்தே வருகின்றன. கரையின்மீது மண் போடலாமா, மதகை எப்பொழுது திறக்கலாம், பயிருக்கு இன்ஷூரன்ஸ் பணம் கட்டலாமா, கலங்கலுக்குக் கீழே மனை வாங்கலாமா என்ற தீர்மானங்களெல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டு பேச்சுகளைக் கொண்டே செய்யப்படுகின்றன. ஆகவே, நடந்து முடிந்த சம்பவங்கள் வரப்போகும் அபாயத்தைப் பற்றிய நம் எண்ணத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

பயிர்த்தொழிலில் அனுபவத்துக்கு மேற்பட்ட ஆசான் இல்லை என்பது உண்மையே. எந்த நிலத்துக்கு எந்த நெல் ஏற்கும், எந்தக் காற்றுக்கு எந்தப் பூச்சி இறங்கும் என்பன புத்தகத்தைக் காட்டிலும் வயலிலேயே நன்கு விளங்கும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம் வைக்கிற குடியானவர் ஒரு போகத்தில் செய்த பிழையை அடுத்த போகத்தில் திருத்திக்கொள்கிறார். முப்பது வருஷம் பயிரிட்டவர் அறுபது எழுபது முறை பரீட்சை எழுதித் தேறினவருக்குச் சமானம். பெருவெள்ளமும் பெரும்பஞ்சமும் அப்படிப்பட்டவையல்ல. அவை ஒருவருடைய ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோதான் நேரிடுகின்றன. ஒரே ஒரு முறை எழுதிய பரீட்சையைக் கொண்டு பாடம் முழுவதும் தெரிந்துவிட்டதாக எண்ணுவது எவ்வளவு பொருந்தும்? வயலில் நம்மைக் கைவிடாத அனுபவம் ஏரிக்கரையில் கைவிடுவதற்குக் காரணம் இதுவே.

இந்தப் பிரதேசத்தின் ஊர்ப்பெயர்களே பழைய ஞாபகங்களைத் தாங்கி நிற்கின்றன. காட்டாங்குளத்தூர் என்பதில் குளம் இருக்கிறது. தாங்கல் என்பது சிற்றேரிக்குப் பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்கள் நீர் நின்ற இடத்தைச் சொல்லுகின்றன. இவற்றுள் வேடந்தாங்கலில் இன்றும் நீரும் பறவைகளும் இருக்கின்றன. பழவந்தாங்கலில் ரெயில் நிலையமும் வீடுகளும் இருக்கின்றன. சென்னையில் மாம்பலத்தையொட்டி நீண்டு கிடந்த ஏரியை 1920களில் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். அங்கே கடை வைத்திருப்பவரில் எத்தனை பேருக்குத் தாம் ஏரி உள்வாயில் உட்கார்ந்திருப்பது தெரியும்? ஜனங்கள் மறந்தாலும் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. நீருக்கு ஞாபகம் ஒன்றும் கிடையாது. பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது, அவ்வளவுதான்.

2015ஆம் வருஷத்து வெள்ளம்

அந்த வருஷத்து நவம்பர் மாதத்தில் சென்னையில் சுமார் 105 சென்டிமீட்டர் மழை பெய்தது. 1918ஆம் வருஷத்து நவம்பருக்குப் பிறகு அம்மாதத்தில் அவ்வளவு மழை அங்கே பதிவானதில்லை. நவம்பர் நடுவில் தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய தாழ்ந்த இடங்களில் வெள்ளம் புகுந்தது. வீட்டை விட்டு வெளியேறினவர்கள் நீர் வடிந்ததும் திரும்பி வந்து, சுவரில் சேறு படிந்த கோட்டைப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட கோட்டைப் பார்த்தவர் மனத்தில் அதுவே வெள்ளத்தின் எல்லை என்று பதிந்துவிடுவது மனித சுபாவம். பண்டங்களை அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கி வைத்துவிட்டால் போதுமென்று தோன்றும். டிசம்பர் 1ஆம் தேதி மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வரையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்தன. முந்திய மாதத்து மழையால் ஏரிகள் நிரம்பியும் மண் ஊறியும் இருந்தபடியால், விழுந்த நீர் முழுவதும் ஓடுநீராகவே சென்றது. முதல் வெள்ளத்தின் கோடு இரண்டாம் வெள்ளத்துக்கு அளவுகோலாகவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2015 என்றால் ஜனங்கள் செம்பரம்பாக்கம் ஏரியையே சொல்லுகிறார்கள். அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டதும், அது அடையாற்றின் கீழ்ப்பகுதியில் சேதம் விளைத்ததும் மெய்யே. ஆனால் செம்பரம்பாக்கத்து மிகுநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. ஆகையால் முடிச்சூரில் நின்ற நீர் ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய மேலூர் ஏரிகளிலிருந்தும் அவற்றைச் சேர்ந்த நிலங்களிலிருந்தும் இறங்கி வந்த நீரேயாகும். மனித ஞாபகம் ஒரு பெரிய சம்பவத்துக்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் வைத்துக்கொள்ளப் பிரியப்படுகிறது. ஒரு பெரிய ஏரியின்மேல் பழியைப் போட்டுவிட்டால், நூறு சிற்றேரிகளின் தூர்ந்த வரத்துக்கால்களும் அடைபட்ட கலங்கல்களும் நினைவுக்கு வருவதில்லை. அடுத்த முறை நம் கிராமத்தை மூழ்கடிப்பது அந்தச் சிற்றேரிகளில் ஒன்றாகவே இருக்கலாம்.

2015க்கு முன்னும் வெள்ளங்கள் வந்ததுண்டு. சென்னையும் அதன் சுற்றுப்புறமும் 1943, 1976, 1985, 2005 ஆகிய வருஷங்களில் பெருவெள்ளத்தைக் கண்டன. இவற்றின் இடைவெளியை எண்ணிப் பார்த்தால் 33, 9, 20, 10 வருஷங்கள் என்று வருகிறது. இதில் யாதொரு முறையும் இல்லை. 1943இல் வாலிபராயிருந்தவர் 2015இல் தொண்ணூறை நெருங்கியவர். 1976க்குப் பின் ஒன்பதே வருஷத்தில் மறுபடி வந்தபோது ஜனங்கள் ஆயத்தமாயிருந்திருக்கக்கூடும். 33 வருஷ அமைதிக்குப் பின் வந்தபோதோ, முன்னதைப் பார்க்காத ஒரு தலைமுறையே வீடு கட்டிக் குடியேறியிருந்தது. அடையாற்றின் இரு பக்கத்து நஞ்சை நிலங்கள் மனைகளாக மாறியது இப்படிப்பட்ட அமைதியான இடைவெளிகளில்தான்.

ஞாபகம் தேய்வதும் வீங்குவதும்

ஞாபகம் இரண்டு வழிகளில் பிசகுகிறது. முதலாவது, நாளாக ஆக அது தேய்கிறது. இரண்டாவது, அண்மையில் நடந்தது அளவுக்கு மீறிப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆமோஸ் டிவர்ஸ்கி, டேனியல் கானெமன் என்னும் இரண்டு மனோதத்துவ சாஸ்திரிகள் 1973ஆம் வருஷத்தில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு காரியம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறதோ அவ்வளவு அடிக்கடி அது நிகழ்வதாக மனிதர் கணித்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. எண்ணிக்கையைத் தேடவேண்டிய இடத்தில் மனம் எளிதில் அகப்படுவதை எடுத்துக்கொண்டு திருப்தியடைந்துவிடுகிறது. பாம்பு கடித்த வீட்டில் கயிறெல்லாம் பாம்பாகத் தெரிவதும், பத்து வருஷம் கடிக்காத வீட்டில் பாம்பே கயிறாகத் தெரிவதும் இதனால்தான்.

நம் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2015இல் நீரில் மூழ்கிய அதே தமிழ்நாட்டில் மறு வருஷம் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது. சாதாரணமாக 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய அப்பருவத்தில் 2016இல் சுமார் 17 சென்டிமீட்டரே பெய்தது. வெள்ளம் கண்ட மறு வருஷத்தில் குடியானவர் மனம் எந்தப் பக்கம் சாயும்? கரை உடையுமோ என்ற பயம் முந்திக்கொள்ளும்; ஏரி முக்கால் நிரம்பியதுமே மதகைத் திறந்துவிடச் சொல்லத் தோன்றும். வறட்சி கண்ட மறு வருஷத்திலோ, கலங்கலின்மேல் மண்மூட்டையும் பலகையும் அடுக்கி ஒரு சாண் நீரையாவது கூட நிறுத்திக்கொள்ள ஆசை பிறக்கும். 2019ஆம் வருஷம் கோடையில் சென்னைக்குக் குடிநீர் அளிக்கும் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை இன்னும் அதிகமாயிருந்தால் வியப்பில்லை. கலங்கலை உயர்த்துவது எவ்வளவு அபாயகரமானது என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியாது. கலங்கல் என்பது ஏரிக்கு மூக்கைப் போன்றது. அதை அடைத்தால் நீர் கரையின்மேல் வழிந்து அதை அறுத்துவிடும். சென்ற வருஷத்து வறட்சிக்குப் பயந்து இந்த வருஷத்து வெள்ளத்துக்கு வழி செய்துகொண்ட கதையாய் முடியும்.

பயிர் இன்ஷூரன்ஸ் விஷயமும் இப்படியே. 2016ஆம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் குடியானவர் செலுத்துவது காப்புத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு. மிகுதியைச் சர்க்கார்கள் ஏற்றுக்கொள்கின்றன. பயிர்க்கடன் வாங்கினவர்களுக்கு ஆதியில் இது கட்டாயமாயிருந்தது. 2020ஆம் வருஷம் முதல் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதாவது, அதுவரை சட்டத்தின் கையில் இருந்த தீர்மானம் அதன்பின் ஞாபகத்தின் கைக்கு வந்தது. அமெரிக்க தேசத்தில் வெள்ள இன்ஷூரன்ஸ் எடுக்கும் வீட்டுக்காரர்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள், பாதிப்பேர் இரண்டு முதல் நான்கு வருஷங்களுக்குள் அதை விட்டுவிடுகிறார்கள் என்று கண்டார்கள். வெள்ளம் வந்த வருஷம் ஓடிவந்து பணம் கட்டுவது. மூன்று வருஷம் ஒன்றும் வராமற் போனால், கட்டின பணம் வீண் என்று நிறுத்திவிடுவது. வைக்கோற்போர் எரியாத வருஷத்தில் கிணற்றைத் தூர்த்துவிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. சம்பாப் பயிருக்குப் பணம் கட்டக் கடைசி நாள் பல வருஷங்களில் நவம்பர் நடுவில் அமைகிறது. 2015இல் பெரிய மழை பெய்தது டிசம்பர் 1ஆம் தேதி என்பதை நினைத்துப் பார்த்தால், மேகத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம் என்று காத்திருப்பது எத்தகைய கணக்கு என்பது விளங்கும்.

நூறு வருஷ வெள்ளம் என்பது என்ன?

"நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று எஞ்சினீயர்கள் சொல்வதைக் கேட்டு, ஒரு முறை வந்துவிட்டால் இனி நூறு வருஷம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். படித்தவர்களிலும் இந்தப் பிழை உண்டு. ஒரு குடத்தில் 99 சோளமணிகளையும் ஒரு குன்றிமணியையும் போட்டுக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். பார்த்துவிட்டு மறுபடி குடத்திலேயே போட்டுவிடுங்கள். இது ஒரு வருஷம். அடுத்த வருஷம் இன்னொரு முறை. இந்த வருஷம் குன்றிமணி வந்தது என்பதற்காக அடுத்த வருஷம் வராதென்பதில்லை. குடத்துக்குச் சென்ற வருஷம் எது வந்தது என்று தெரியாது. நூறு வருஷ வெள்ளம் என்பதன் பொருள் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு சம்பவம் உண்டு என்பதே.

அப்படியானால், கலங்கலுக்குக் கீழே வீடு கட்டி அதில் 30 வருஷம் வாழ்கிறவருக்கு அந்த வெள்ளத்தைக் காணும் சம்பவம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றில் 26 வருகிறது. நாலு பேரில் ஒருவர். 50 வருஷம் என்றால் நூற்றில் ஏறக்குறைய 40. மனை வாங்கும்போது "நூற்றில் ஒன்றுதானே" என்று தோன்றியது, பிள்ளைகள் பெரியவர்களாவதற்குள் இந்த அளவுக்கு வந்துவிடுகிறது. மேலும் குடத்துக்குள் இருக்கும் குன்றிமணி ஒன்றுதான் என்பது பழைய வருஷத்துக் கணக்குகளைக் கொண்டு சொன்னது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி சென்டிகிரேடு ஏறினால் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. நீரைக் குடித்துக்கொண்டிருந்த நஞ்சை, சிமென்டுத் தளமாகிவிட்டால் அதே மழைக்கு ஓடுநீர் கூடுகிறது. குடத்தில் யாரோ இன்னொரு குன்றிமணியைப் போட்டுவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கண்டிராதது வராது என்று எண்ணுவதும் சரியல்ல. தாமிரபரணிக் கரையில் வெள்ளம் என்றால் 1992ஆம் வருஷத்தையே உதாரணமாகச் சொல்லிவந்தார்கள். 2023ஆம் வருஷம் டிசம்பர் 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தூத்துக்குடி ஜில்லா காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த வறண்ட ஜில்லாவில் ஒரு முழு வருஷத்துக்குப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். அதை முன்கூட்டி ஊகிக்க எந்தப் பெரியவருடைய ஞாபகம் உதவியிருக்கும்?

வராத பஞ்சத்துக்கு ஆன செலவு

ஞாபகத்தில் மூன்றாவது ஒரு பிசகும் உண்டு. என் அபிப்பிராயத்தில் இதுவே மிகவும் கொடியது. வந்த ஆபத்து நினைவில் நிற்கும். தடுக்கப்பட்ட ஆபத்து நினைவில் நிற்பதில்லை. இதற்கு நம் மாகாணத்துச் சரித்திரத்திலேயே துக்ககரமான சான்று இருக்கிறது.

1873-74ஆம் வருஷங்களில் பீகாரில் மழை பொய்த்தது. நிவாரணத்தை நடத்திய ஸர் ரிச்சர்டு டெம்பிள், பர்மாவிலிருந்து ஏராளமான அரிசியைக் கப்பல்களில் வரவழைத்துத் தாராளமாக வழங்கினார். பட்டினியால் மாண்டவர் மிகச் சிலரே. இது பெரிய வெற்றியென்று கொண்டாடப்பட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. மரணம் அதிகமில்லாதபடியால் பஞ்சமே பெரிதல்லவென்றும், இவ்வளவு பணம் செலவழித்தது ஊதாரித்தனமென்றும் அவரைக் கண்டித்தார்கள். மூன்று வருஷம் கழிந்தது. 1876இல், தாது வருஷத்தில், சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் பிடித்தது. செங்கற்பட்டு ஜில்லாவும் அதற்குத் தப்பவில்லை. உயிர் பிழைக்க வழி தேடிச் சென்னை நகரை நோக்கி நடந்தவர் கூட்டம் கூட்டமாயிருந்தனர். 1877ஆம் வருஷத் தொடக்கத்தில் இந்திய சர்க்கார் செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு இங்கே அனுப்பியதும் அதே டெம்பிளைத்தான். அவர், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், அந்த அளவு உழைக்கிற உடம்பைத் தாங்காது என்று வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன. 1871ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைவிட 1881ஆம் வருஷத்துக் கணக்கில் மாகாணத்து ஜனங்கள் குறைந்திருந்தனர் என்பதிலிருந்து சேதத்தின் அளவை ஊகிக்கலாம்.

டெம்பிளின் மனத்தில் முந்திய கண்டனமே வேலை செய்தது என்பது பின்வந்த சரித்திராசிரியர் பலருடைய கருத்து. பீகாரில் சரியாகச் செய்ததற்குப் பழி கிடைத்தது. அதனால் சென்னையில் தவறாகச் செய்தார். பழி சொன்னவர்கள் கண்டது செலவான பணத்தை. காணாதது சாகாமல் பிழைத்த ஜனங்களை. பிழைத்தவர் தாம் பிழைத்ததை அறிந்து வந்து சாட்சி சொல்வதில்லையல்லவா?

இதே வழக்கு ஒவ்வொரு கிராம சபையிலும் சிறு அளவில் நடக்கிறது. ஆவணியில் கரையிலுள்ள எலிவளை, நண்டுவளைகளைக் கெட்டித்து, சீமைக் கருவேலை வேரோடு களைந்து, கலங்கல் வாயைத் துப்புரவு செய்கிறார்கள். மழை வருகிறது, போகிறது; கரை நிற்கிறது. அடுத்த வருஷம், "போன வருஷம் இவ்வளவு செலவு செய்தோமே, ஒன்றும் ஆகவில்லையே, இந்த வருஷம் எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. கரை உடைந்த ஊரில் மட்டும் அந்தக் கேள்வி எழாது, அதுவும் சில வருஷங்களுக்கே.

தப்பிப் பிழைத்த சம்பவங்களும் இப்படியே மயக்கம் தருகின்றன. மதுராந்தகத்து ஏரிக்கரையில் ஏரி காத்த ராமர் கோயில் உண்டு. அடிக்கடி உடைந்துவந்த அந்த ஏரியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரை செப்பனிட்டார் என்பதும், பெருமழை இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்பதை அவர் கண்டார் என்பதும், அதன்பின் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்பதும் இந்த ஜில்லாவில் எல்லோரும் அறிந்த ஐதிகம். பக்தி வேறு விஷயம். ஆனால் கரை நூலிழையில் தப்பிய இரவு இரண்டு விதமாகப் பொருள்படும். "இது எதையும் தாங்கும் கரை" என்று கொள்ளலாம். "இன்னும் ஒரு சாண் நீர் வந்திருந்தால் போயிருக்கும்" என்றும் கொள்ளலாம். மனித சுபாவம் முதலாவதையே தேர்ந்தெடுக்கிறது. பிளேஸ் துரை கரையைப் பலப்படுத்தினவர் என்பதையும் ஐதிகத்தோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

எழுத்தில் வைத்த ஞாபகம்

தாது வருஷத்துப் பஞ்சத்திலிருந்து உருப்படியான பயன் ஒன்று விளைந்தது. 1880இல் பஞ்ச விசாரணைக் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுதி வகுக்கப்பட்டது. எந்த அறிகுறி தென்பட்டால் எந்த உத்தியோகஸ்தர் என்ன செய்யவேண்டும், பரீட்சார்த்தமாக வேலைகளை எப்பொழுது திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கின. அது குறையற்றதல்ல, சரியாக அனுஷ்டிக்கப்படாத இடங்களும் உண்டு. எனினும், ஓர் அதிகாரி முன் பஞ்சத்தைக் கண்டவரா, கண்டதில் என்ன பாடம் கற்றார் என்பதை நம்பியிராமல், விதியே காரியத்தைத் தொடங்கி வைக்க ஏற்பாடு செய்தது.

இதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே நம் அண்டையில் இப்படிப்பட்ட ஏற்பாடு இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்லுகின்றன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேர் 360 நாள் அந்தப் பொறுப்பை வகித்தார்கள். முன் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஏரியைக் கவனிப்பது ஒவ்வொரு வருஷமும் நடக்கவேண்டிய வேலையாக வைக்கப்பட்டிருந்தது என்பது. வெள்ளம் வந்தபின் கமிட்டி கூடியது என்று அந்தக் கல்லில் இல்லை.

ஜப்பான் தேசத்தில் மியாகோ நகரைச் சேர்ந்த அனெயோஷி என்னும் சிற்றூரின் கதை இன்னும் தெளிவானது. 1896ஆம் வருஷத்துக் கடல் அலையில் அவ்வூரில் இருவரே பிழைத்தனர். அப்படியிருந்தும் அவ்விடத்திலேயே மறுபடி ஊர் உண்டாயிற்று. 1933இல் மறுபடி அலை வந்து நால்வரை மட்டும் விட்டுவைத்தது. அதன்பின் மேட்டில் ஒரு கல்லை நட்டு, இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எழுதினார்கள். 2011ஆம் வருஷத்துப் பேரலை அந்தக் கல்லுக்குச் சுமார் நூறு மீட்டர் தாழ நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகளுக்குச் சேதமில்லை. முதல் முறை ஜனங்கள் ஞாபகத்தை நம்பினார்கள்; இரண்டாம் முறை கல்லை நம்பினார்கள்.

நம் கிராமங்களில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள், கோடு மறைவதற்குள், பள்ளிக்கூடச் சுவரிலோ கோயில் மண்டபத் தூணிலோ நீர் ஏறிய உயரத்தைத் தேதியோடு குறித்து வைக்கலாம். கலங்கலின்மேல் எத்தனை அங்குலம் நீர் ஓடிற்று, எத்தனை நாள் ஓடிற்று, கரையில் எந்த இடத்தில் கசிவு கண்டது, எந்த வரத்துக்கால் உடைப்பெடுத்தது என்பவற்றை நீர்க்கட்டியிடம் கேட்டுக் கிராம நிர்வாக அதிகாரி ஒரு தனி நோட்டில் பதிந்து வைப்பாராயின், அவர் மாற்றலாகிப் போனாலும் நோட்டு ஊரிலேயே இருக்கும். மழை பெய்யாத வருஷத்தையும் விடாமல் எழுத வேண்டும். ஏரி எந்தத் தேதியில் வற்றிற்று என்பதும் வெள்ளக் கணக்கைப்போலவே பிற்காலத்தாருக்கு உதவும். கரைக்குச் செய்த செப்பனிடும் வேலையையும் அதன் செலவையும் அதே பக்கத்தில் எதிரே குறித்துவிட்டால், "ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவருக்கு ஏன் ஆகவில்லை என்பதைக் காட்டலாம். ஏரியின் நிறைமட்டத்தையும் எல்லைக் கற்களையும் காலாகாலத்தில் சரிபார்ப்பதும் இதில் சேர்ந்ததே. 2007ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் கொடுக்கிறது. எல்லை எது என்று ஊரில் ஒருவருக்கும் நிச்சயமில்லாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்?

மனை விற்கிற மிராசுதாரர்கள் வாங்குகிறவருக்கு அந்த நோட்டைக் காட்டுவார்களா என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. வெளியூரிலிருந்து வந்து வாங்குகிறவருக்கு நம் ஏரியைப் பற்றிய ஞாபகம் சிறிதுமில்லை. கோடையில் வந்து பார்க்கிறார், தரை காய்ந்திருக்கிறது, ரெயில் நிலையம் கிட்டத்தில் இருக்கிறது. 2015இல் முடிச்சூரில் படகில் ஏறியவர்களில் அப்படி வந்தவர் அநேகர் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளக்கோடு குறிப்பவர்கள் சுண்ணாம்பை உபயோகித்தால் இரண்டு மூன்று மழையில் கரைந்துவிடும். கல்லில் உளியால் வெட்டிவிட்டு, வெட்டின இடத்தில் எண்ணெய் வர்ணம் பூசுவது நல்லது. வர்ணம் காய நல்ல வெயில் வேண்டுமாதலால் அந்த வேலையைப் புரட்டாசி பதினைந்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.